சங்க இலக்கியத்தில் துறக்கம்: தகுதியும் வரவேற்பும்

ஆய்வுச் சுருக்கம்

இறந்தோர் சென்றடையும் மேலுலகம் பற்றிய குறிப்புகள் சங்க இலக்கியத்தில், சிறப்பாகப் புறநானூற்றில், பல இடங்களில் பயில்கின்றன. அவ்வுலகை அடைவதற்கு வேண்டிய தகுதி எது என்னும் வினாவுக்கு அவை ஒரே விடையைத் தரவில்லை. போர்க்களத்து விழுப்புண், வடக்கிருத்தல், மக்கட்பேறு, புலவர் பாடும் புகழ், ஈகை என விடைகள் வேறுபடுகின்றன. இவற்றுள் வீரத்திலிருந்து ஈகையை நோக்கிய நகர்வையும், மேலுலகம் புகுவோரை ‘விருந்து’ எனக் கருதும் மரபு அந்நகர்வைத் தாங்கி நிற்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது. அம்மரபு திருக்குறளிலும் திருவாய்மொழியிலும் தொடர்வதும் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: துறக்கம், உயர்நிலை உலகம், விழுப்புண், வடக்கிருத்தல், ஈகை, விருந்து, புறநானூறு.

பெயர்கள்

சங்கப் பாடல்களில் மேலுலகத்துக்கு ஒரு பெயர் இல்லை. துறக்கம், உயர்நிலை உலகம், அரும்பெறல் உலகம், தொய்யா உலகம், மேலோர் உலகம், தேவர் உலகம் எனப் பலவாறு அது சுட்டப்படுகிறது. இவற்றுள் ‘அரும்பெறல்’ என்னும் அடை கவனத்துக்குரியது. எளிதில் கிட்டாதது என்பதே அவ்வுலகின் முதல் இலக்கணமாகப் புலவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. அதன் வளம், இன்பம், அமைப்பு ஆகியவை பற்றி அவர்கள் மிகக் குறைவாகவே பேசுகின்றனர். வாடாத மலர், இமையாத கண், பொன்மயமான சோலை, அமுதம் என்னும் சில குறிப்புகளோடு வருணனை முடிந்துவிடுகிறது. யார் அங்குச் செல்வர் என்பதைப் பற்றியே அவர்கள் ஓயாது பேசுகின்றனர்.

மேலுலக நம்பிக்கை பிணத்தை எரிக்கும் வழக்கத்தோடு மட்டும் பிணைந்ததன்று. கிள்ளிவளவன் இறந்தபோது ஐயூர் முடவனார் பாடிய பாடல் (புறம். 228), அவனை இட்டுப் புதைக்கும் அளவுக்குப் பெரிய தாழியை வனைய இயலுமா எனக் குயவனை நோக்கிக் கேட்கிறது. அதே பாடல் அவன் தேவர் உலகம் எய்திவிட்டான் என்றும் கூறுகிறது. உடல் தாழியிலும் அவன் விண்ணிலும் இருப்பதில் புலவர் முரண் எதையும் காணவில்லை.

விழுப்புண்ணும் வாளும்

போரில் புண்பட்டு இறந்தவனுக்கு உயர்நிலை உலகம் உரியது என்பது பரவலாக அறியப்பட்ட கருத்து. கோட்டை முற்றுகையையோ பெரும்போரையோ பாடும் பாடலைவிட, போரில் இறவாத அரசனைப் பற்றிய பாடலிலேயே இக்கருத்தின் வலிமை தெளிவாகப் புலப்படுகிறது. அதியமான் நெடுமான் அஞ்சி போரிட்டுப் புண்பட்டு நின்றபோது ஔவையார் பாடியது புறநானூற்றின் 93ஆம் பாடல். நோயால் இறந்த அரசரின் உடலை நான்மறை அந்தணர் பசும்புல்லின்மேல் கிடத்துவர். நற்போரில் வீழ்ந்த மறவர் செல்லும் இடத்துக்கு நீயும் செல்க எனக் கூறி வாளால் பிளந்து அடக்குவர். உன் பகைவர் உன் கையால் களத்தில் மடிந்ததால் அந்த இழிவிலிருந்து தப்பினர் என்கிறார் ஔவையார்.

இப்பாடலில் பாராட்டும் எள்ளலும் பிரிக்கமுடியாதபடி கலந்துள்ளன. புறமுதுகிட்டு ஓடிப் பழகிய பெருமையற்ற மன்னர்களுக்கு அதியமான் செய்த ஒரே நன்மை, அவர்களைக் கொன்று துறக்கத்துக்கு உரியவராக்கியது. சடங்கின் உட்பொருளும் இங்கு வெளிப்படுகிறது. புண் இல்லாதவனுக்குப் புண்ணை உண்டாக்கிக் கொடுப்பதே அது. துணிவு உண்மையாக இருந்ததா என்பது அச்சடங்குக்கு ஒரு பொருட்டன்று. மேலுலக வாயிலில் உடலில் உள்ள வடுவே அடையாளமாக நிற்கிறது.

இவ்வழக்கம் அரசரின் குழந்தைகளுக்கும் நீண்டது. சோழனிடம் சிறைப்பட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறையின் பாடலாகத் தொகுக்கப்பட்டுள்ள புறம். 74, இறந்து பிறந்த குழவியையும் உருவற்ற ஊன்பிண்டத்தையும்கூட வாளால் வெட்டாமல் விடாத குடியில் தாம் பிறந்ததை நினைவுகூர்கிறது. நாய்போல் பிணிக்கப்பட்டுத் தண்ணீரை இரந்து பெறும் நிலைக்கு வந்த ஒருவன் அதைச் சொல்வதில்தான் பாடலின் துயரம் தங்கியுள்ளது. மணிமேகலையின் சிறைவிடு காதையிலும் இச்சடங்கு பேசப்படுகிறது. மகனை இழந்த அரசமாதேவியைத் தேற்றவரும் முதியவள் வாசந்தவை, முதுமையுற்று இறந்து, பின் தருப்பையில் கிடத்தி வாளால் பிளக்கப்படுவது அரச குடிக்கு நாணத்தக்கது என்கிறாள். காப்பியக் காலம் வரை அந்நாணம் நினைவில் இருந்தது என்பதற்கு இது சான்று.

புண் எங்கே பட்டது என்பதும் கணக்கில் கொள்ளப்பட்டது. வெண்ணிப் பறந்தலையில் கரிகாலனோடு பொருத சேரலாதன், மார்பில் பாய்ந்த வேல் முதுகில் வெளிப்பட்டதால் அப்புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்தான். அச்செய்தியைக் கேட்ட சான்றோர் அவனோடு அரும்பெறல் உலகம் செல்லத் தாமும் உயிர்நீத்தனர் என்று அகநானூறு (55) கூறுகிறது. களத்தில் இழந்த தகுதியை உண்ணாநோன்பால் மீட்கலாம் என்னும் நம்பிக்கையை இங்குக் காணலாம். இந்த இரண்டாம் வழி பின்னர் கோப்பெருஞ்சோழன் வாழ்வில் முற்றிலும் வேறொரு பொருளைப் பெறுகிறது.

துடி முழக்குவோனுக்கு இடம் உண்டா?

விழுப்புண் அரசர்க்கு மட்டும் உரிய தகுதி அன்று. சாத்தந்தையார் பாடிய புறம். 287, தண்ணடையாகிய மருதநிலத்து ஊர்களைப் பரிசிலாகப் பெறுவதைவிடக் களத்தில் படுவதே மேல் என்கிறது. பட்டோர் உயர்நிலை உலகத்து மகளிரோடு மணம் நுகர்வர். படைமறவனும் அவ்வுலகுக்கு உரியவனே. ஆனால் அப்பாடல் விளித்துப் பேசுவது துடியறையும் புலையனையும், எறிகோல் கொள்ளும் இழிசினனையும். போர்க்களத்தில் வேல்மழைக்கு நடுவே நின்று பறையறைவோர் அவர்கள். மறவன் பெறும் மேலுலகத்தை அவர்கள் முன்னிலையில் புகழும் புலவர், அவர்களுக்கு அங்கு இடம் உண்டா என்பதைக் கூறவில்லை. அவர்களைக் குறிக்க அவர் எடுத்த சொற்களின் தாழ்வை நோக்கினால் இம்மௌனம் தற்செயலானதாகத் தோன்றவில்லை.

பெண்டிரின் நிலையும் ஏறக்குறைய இத்தகையது. அவர்கள் மேலுலகில் வரவேற்கும் மகளிராகவோ கணவனோடு உடன் செல்பவராகவோதான் பெரும்பாலும் வருகின்றனர். ஆய் அண்டிரன் மேலோர் உலகம் எய்தியபோது அவனுடைய மகளிரும் உடன் சென்றதைப் புறம். 240 கூறுகிறது. பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு தீப்பாய்வதற்குமுன் பாடிய 246ஆம் பாட்டில் துறக்கம் பற்றிய பேச்சே இல்லை. கைம்மை நோன்பின் உணவையும் படுக்கையையும் எண்ணிப்பார்க்கும் அவளுக்கு ஈமத்தீ தாமரைக் குளத்துக்கு நிகராகத் தோன்றுகிறது. மேலுலக ஆசை அங்கு இயக்குவிசையாக இல்லை.

நடுகல்லும் இவ்விடத்தில் நோக்கத்தக்கது. தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என நடுகல்லின் நிலைகளை வகுக்கிறது. விண்ணுலகம் சென்றவனுக்கே மண்ணில் கல் நட்டுக் கள்ளும் படைக்கின்றனர். அதியமானின் நடுகல்லுக்குப் பீலி சூட்டிச் சிறு கலத்தில் கள் வார்ப்பதைக் கண்ட ஔவையார், பெருநாட்டையே கொடுத்தாலும் கொள்ளாதவன் இதைக் கொள்வானோ என வியக்கிறார் (புறம். 232). 2006இல் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் கண்டறியப்பட்ட தமிழ்-பிராமி எழுத்துடைய நடுகற்களில் ஒன்று ஆகோளில் இறந்தவனின் பெயரையும் ஊரையும் மட்டுமே கூறி நிற்கிறது. அதில் துறக்கம் பற்றிய சொல் இல்லை. கல்வெட்டுக்கு நினைவு போதுமானதாக இருந்தது. வானுலகம் பாடலுக்குத் தேவைப்பட்டது.

புகழும் புலவர் நலனும்

உறையூர் முதுகண்ணன் சாத்தனார் நலங்கிள்ளிக்குக் கூறும் அறிவுரை (புறம். 27) மேலுலகத்துக்கு மற்றொரு தகுதியை வைக்கிறது. புலவர் பாடும் புகழுடையோரே பாகன் செலுத்தாத வானவூர்தியைப் பெறுவர் என்பது அதன் கருத்து. முரசுகட்டிலில் அறியாது துயின்ற மோசிகீரனாரைத் தண்டியாது கவரி வீசிய சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையைப் பாடும் 50ஆம் பாடலும் இதையே கூறுகிறது. இவ்வுலகில் இசை உடையோர்க்கன்றி அவ்வுலகில் உறைவிடம் இல்லை என்பதை நீ நன்கு கேட்டறிந்ததால்தான் இவ்வாறு செய்தாயோ என்று புலவர் வினவுகிறார்.

இங்குப் புலவரின் தன்னலத்தையும் காணாதிருக்க இயலாது. புகழே வானுலகின் திறவுகோல் எனில், அத்திறவுகோல் புகழ் பாடுவோர் கையில் இருக்கிறது. பரிசிலை எதிர்நோக்கி வாழும் பாவலர் இவ்வாறு கூறுவது, புரவலனின் மறுமையைத் தம் நாவில் வைத்துக்கொள்வதாகும். ‘தமிழ் வீரநிலைக் கவிதை’ பற்றி 1968இல் ஆங்கிலத்தில் நூல் வெளியிட்ட க. கைலாசபதி, புரவலர்க்கும் பாடுநர்க்கும் இடையிலான உறவை அக்கவிதையின் அடித்தளமாக ஆராய்ந்தார். மேலுலகக் கருத்தையும் அவ்வுறவுக்கு வெளியே வைத்துப் பார்க்க இயலாது. எனினும் எல்லாவற்றையும் பரிசில் நோக்கத்துக்குள் அடக்கிவிடும் விளக்கமும் முழுமையாகாது. அவ்வாறு அடக்கினால், ஈகைக்குக் கூலியாக மேலுலகைக் காட்டுவதையே மறுக்கும் பாடல்களுக்கு விளக்கம் கிடைக்காமற் போகும்.

மக்கட்பேறும் ஒரு தகுதியாகக் கூறப்பட்டது. சிறுவரைப் பெற்றோர் இம்மையில் இசையும் மறுமையில் குறையற்ற உலகமும் எய்துவர் என்று கூறுவோர் உளர் என்பது அகநானூற்றின் (66) செய்தி. துறக்கம் எய்திய முதியோர்க்கு உதியஞ்சேரல் பெருஞ்சோறு அளித்ததை அகம். 233 உவமையாகக் காட்டுகிறது. மேலுலகம் சென்றோர்க்கும் கீழிருந்து உணவு செல்லவேண்டும் என்ற எண்ணம் இதில் உள்ளது.

விருந்து

உணவு பற்றிய இக்குறிப்பு, மேலுலகக் கருத்தின் மையத்தில் இருக்கும் ஒரு சொல்லுக்கு இட்டுச்செல்கிறது. சேரமான் குடக்கோ நெடுஞ்சேரலாதனும் சோழன் வேற்பஃறடக்கைப் பெருவிறற்கிள்ளியும் ஒருவரையொருவர் கொன்று ஒரே களத்தில் மடிந்ததைக் கழாத்தலையார் பாடினார் (புறம். 62). இரு படைகளும் அழிந்தன. பெண்டிர் கைம்மை நோன்பு ஏற்காது கணவர் மார்பைத் தழுவிக் கிடந்தனர். இமையாத கண்ணும் வாடாத பூவும் நறுமணமே உணவுமாக உடைய தேவர்களோ தம் உலகம் நிறையும் அளவுக்கு விருந்தினரைப் பெற்றனர். சங்கத் தமிழில் விருந்து என்பது புதுமையையும் புதிதாக வந்தவரையும் குறிக்கும். மண்ணில் ஒருவரும் எஞ்சாத அழிவை விண்ணில் விருந்தினர் பெருக்கமாகக் காட்டும் இக்கூற்றில் வாழ்த்தைவிடக் கையறுநிலையே மிகுந்து ஒலிக்கிறது.

அதே சொல் மற்றொரு பாடலில் எதிர்த்திசையில் ஆளப்படுகிறது. தன் மக்கள்மேல் போருக்கு எழுந்த கோப்பெருஞ்சோழனைப் புல்லாற்றூர் எயிற்றியனார் தடுத்துப் பாடியது புறம். 213. நீ தோற்றால் இகழ்வோர் மகிழ்வர். வென்றாலும் நின் செல்வத்தை அம்மக்கட்கே விட்டுச்செல்வாய். ஆகவே மறத்தைக் கைவிடு. அஞ்சி வந்தோர்க்குப் புகலிடமாக இரு. வானோர் நின்னை விருப்பொடு விருந்தாக எதிர்கொள்ளும்படி நன்மை செய் என்பது அவர் உரை. கழாத்தலையார் பாட்டில் போரில் மடிந்தோர் தேவர்க்கு விருந்தாயினர். எயிற்றியனாரோ போரைத் தவிர்ப்பவனே தேவர்க்கு விருந்தாவான் என்கிறார். சொல் ஒன்றே, தகுதி மட்டும் தலைகீழாகியுள்ளது. ஓர் அரசனைப் போரிலிருந்து மீட்க, போர்வீரர்க்கு உரியதாக இருந்த வாக்குறுதியையே புலவர் பயன்படுத்தினார் என்பது இவ்விரு பாடல்களையும் அருகருகே வைக்கும்போது தெளிவாகிறது.

போரைக் கைவிட்ட கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தான். சேரலாதனைப் போல அவன் புறப்புண்ணுக்கு நாணி அதை மேற்கொள்ளவில்லை. அந்நிலையில் அவன் பாடிய 214ஆம் பாடல், நல்வினை செய்வதா வேண்டாவா என ஐயுற்று நிற்போரை நோக்கியது. யானை வேட்டைக்குச் செல்வோன் யானையைப் பெறவும் கூடும்; குறும்பூழ் வேட்டைக்குச் செல்வோன் வெறுங்கையோடு மீளவும் கூடும். உயர்ந்ததை நோக்குவோர்க்கு வினைப்பயன் உண்டெனில் தொய்யா உலகத்து நுகர்ச்சி கிட்டலாம்; அது இல்லையெனில் மீண்டும் பிறவாமை கிட்டலாம்; அதுவும் இல்லையெனில் இமயத்து உச்சிபோல் புகழை நிறுத்திக் குற்றமற்ற உடலோடு மாய்வதே சிறப்பு. மேலுலகம் உண்டு என்று அவன் எங்கும் உறுதி கூறவில்லை. அது இல்லாவிடினும் நன்மை செய்வதற்குக் காரணம் எஞ்சும் என்பதையே படிப்படியாக நிறுவுகிறான். உணவை மறுத்துச் சாவை எதிர்நோக்கி இருக்கும் ஒருவன் இவ்வளவு நிதானத்தோடு ஐயத்துக்கு இடங்கொடுப்பது வியப்புக்குரியது.

ஈகை இல்லாத உலகம்

ஆவூர் மூலங்கிழார் கிள்ளிவளவனைப் பாடும் 38ஆம் பாடல் மேலுலகத்தில் ஒரு குறையைக் காண்கிறது. பொன்மலர்ச் சோலைகளை உடைய அந்நாட்டில் அவரவர் செய்த வினைக்குரிய இன்பத்தை நுகரலாம். ஆனால் அங்கு உடையோர் ஈவதும் இல்லோர் இரப்பதும் நிகழ்வதில்லை. ஆதலால் அவ்வுலகம் செயலற்றது. அங்குள்ள இன்பம் இங்கும் கிடைப்பதால் பரிசிலர் நின் நாட்டையே நினைப்பர் என்பது பாடலின் கருத்து. இதைப் புரவலன் நாட்டைப் புகழும் உத்தி என்று மட்டும் கடந்துசெல்லலாகாது. ஈகையால் அடையப்படும் உலகத்தில் ஈகைக்கே இடமில்லை என்னும் முரணைப் புலவர் கண்டிருக்கிறார். வறுமை இல்லாத இடத்தில் வள்ளன்மையும் இல்லை.

உறையூர் ஏணிச்சேரி முடமோசியாரின் இரு பாடல்கள் இச்சிக்கலின் மறுபுறத்தைக் காட்டுகின்றன. ஆய் வாழ்ந்த காலத்தில் பாடிய 134ஆம் பாடல், இப்பிறப்பில் செய்தது மறுபிறப்புக்கு உதவும் எனக் கருதி அறத்தை விலைக்கு மாற்றும் வணிகன் அவன் அல்லன் என்கிறது. சான்றோர் சென்ற நெறி அது என்பதற்காகவே அவன் ஈந்தான். ஆய் இறந்தபின் அதே புலவர் பாடியது 241ஆம் பாடல். இரவலர்க்குத் தேர்களை ஈந்த அண்டிரன் வருகிறான் என்று வச்சிரப்படை ஏந்திய இந்திரனின் கோயிலில் முரசம் முழங்க, வானில் ஆரவாரம் எழுந்தது என்கிறது அது. மேலுலகை விலையாகக் கேளாதவனையே மேலுலகம் முரசறைந்து எதிர்கொள்கிறது. வேண்டிப் பெறும் கூலியாக இல்லாமல், வருவோனுக்கு விருந்தோம்புவோர் செய்யும் சிறப்பாகத் துறக்கம் இங்கு மாறிவிடுகிறது. களத்தில் பட்ட புண் பற்றிய பேச்சு இதில் இல்லை. போர்முரசு மட்டும் வேறு பணிக்கு வந்திருக்கிறது.

குறளும் திருவாய்மொழியும்

திருக்குறள் இவ்விரு இழைகளையும் ஏற்றுக்கொண்டுள்ளது. வந்த விருந்தைப் பேணி, வரும் விருந்தை எதிர்நோக்கி இருப்பவன் வானத்தவர்க்கு நல்விருந்தாவான் என்கிறது 86ஆம் குறள். எயிற்றியனார் அரசனுக்குக் கூறியது இங்கு இல்வாழ்வானுக்கு உரியதாகிறது. துறக்கத்தின் வாயில் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டது. 222ஆம் குறளோ மேலுலகம் இல்லையென்றாலும் ஈதலே நன்று என்று துணிந்து கூறுகிறது. கோப்பெருஞ்சோழன் மூன்று படிகளில் சென்ற தூரத்தை அது ஒரே அடியில் கடக்கிறது. ‘யான்’, ‘எனது’ என்னும் செருக்கை அறுத்தவன் வானோர்க்கும் உயர்ந்த உலகம் புகுவான் என்னும் 346ஆம் குறள், தேவருலகத்தையே இடைநிலையாக்கிவிடுகிறது. பிற்காலச் சைவ சித்தாந்தம் பதமுத்தியையும் பரமுத்தியையும் வேறுபடுத்தியது இத்திசையிலான நெடும்பயணத்தின் ஒரு கட்டம். அது தனியே ஆராயத்தக்கது.

பத்தி இலக்கியத்தில் விருந்தின் காட்சி மறையவில்லை. மேலும் விரிகிறது. நம்மாழ்வாரின் திருவாய்மொழியில் பத்தாம் பத்தின் ஒன்பதாம் திருவாய்மொழி, அடியார் வைகுந்தம் செல்லும் வழியைப் பாடுகிறது. மேகங்கள் தூரியம் முழக்குகின்றன. கடல் அலைக்கைகளை எடுத்து ஆடுகிறது. வழியெங்கும் தேவர் எதிர்கொள்கின்றனர். வாயிலை அடைந்ததும் அங்குள்ளோர் திருமாலின் அடியார் எம்மவர் எனக் கூறி உள்ளே அழைக்கின்றனர்; மண்ணவர்க்கு வைகுந்தம் புகும் பேறு வாய்த்ததை எண்ணி வியக்கின்றனர். பின்னர் வந்தவரின் பாதங்களைக் கழுவுகின்றனர். மகளிர் நிறைகுடமும் விளக்கும் ஏந்தி வருகின்றனர். ஆய் அண்டிரனுக்காக இந்திரன் கோயிலில் ஒலித்த முரசை இங்கு மேகம் முழக்குகிறது. ஆயினும் வாயிலில் கேட்கப்படும் தகுதி வேறு. வந்தவரின் மார்பில் வடு உண்டா, கையால் எதை ஈந்தார், எப்புலவர் பாடினார் என்று எவரும் வினவவில்லை. அவர் யாருடையவர் என்பது ஒன்றே அங்கு நோக்கப்படுகிறது. துடி முழக்கியவனைப் பற்றி 287ஆம் புறப்பாட்டு கூறாது விட்டதை, எக்குலத்தவராயினும் திருமாலுக்கு அடியார் எனில் அவர்தம் அடியார்க்கும் அடியார் ஆவோம் என்று நம்மாழ்வார் அதே நூலின் மூன்றாம் பத்தில் வெளிப்படையாகவே பேசியிருக்கிறார்.